பாம்புக்கு ஒரு பிரசவ வார்டு!

எங்கள் வேடசந்தூர்ப் பக்கம் பாம்பு தென்பட்டால் எல்லோரும் முதலில் தேடுவது கம்பைத்தான். நல்லதா, சாரையா என்ற விசாரணையெல்லாம் அடித்த பிறகு! அப்படிப்பட்ட ஊரிலிருந்து ஆபீஸ் போகும் நான், "மிருகக்காட்சி சாலையில் பாம்புக்குப் பிரசவம் பார்க்கிறார்கள்" என்றதும் பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார்: "எதுக்கு சார்? இருக்கிறது பத்தலையா?"

பத்தலை என்பதுதான் விஷயம்.

அமெரிக்காவில் 'லூசியானா பைன் பாம்பு' என்று ஒன்று. விஷம் கிடையாது. ஒரு தடவைக்கு மூன்றிலிருந்து ஐந்து முட்டைதான் இடும். (குடும்பக் கட்டுப்பாட்டில் நம்மையும் மிஞ்சிய ஜீவன்!) எண்ணிக்கை குறைந்துகொண்டே போனதால், மெம்பிஸ் உள்ளிட்ட சில மிருகக்காட்சி சாலைகளில் ஜோடி சேர்த்து, முட்டைகளைப் பக்குவமான சூட்டில் வைத்துப் பொரிக்கச் செய்து, 2010 முதல் கிஸாட்சி தேசிய வனத்தில் குட்டிகளை விடுகிறார்கள். இதுவரை 200-க்கும் மேல். உடம்பில் அரிசி சைஸில் ஒரு சிப். மறுபடி அகப்பட்டால் 'இன்னார்' என்று தெரிந்துவிடும்.

ஆனால் பிரசவத்தோடு வேலை முடியவில்லை. அந்தப் பாம்பு, வளை தோண்டும் ஒரு வகை எலியைத் தின்றுவிட்டு அதன் வளையிலேயே தங்கும். (அட்வான்ஸ், வாடகை இல்லை!) அந்த எலிக்குப் புல் வேண்டும். புல்லுக்கு வெயில் வேண்டும். காட்டுத்தீயே வரவிடாமல் தடுத்ததில் புதர் மண்டி, தரையில் வெயில் விழவில்லை. ஆகவே வனத்துறையே இப்போது கணக்காகத் தீ வைத்துப் புதரை எரிக்கிறது.

"ஒரு பாம்புக்காகவா இவ்வளவு?" என்றார் நண்பர்.

காடு இல்லாமல் குட்டி மட்டும் பெருகினால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது. கிண்டி பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ராமுலஸ் விட்டேக்கர், 1976-ல் மாமல்லபுரம் ரோட்டில் முதலைப் பண்ணை ஆரம்பித்தார். அருகி வந்த முதலைகள் அங்கே பெருகோ பெருகென்று பெருகின. கொஞ்ச காலம் வெளியே கொண்டுபோய் விட்டார்கள். அப்புறம் விட இடமில்லை. 2020-களில் சுமார் 1000 முதலைகளை குஜராத்தின் ஜாம்நகருக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. ஆற்றுக்கு அல்ல சார், இன்னொரு காப்பகத்துக்கு!

எங்களுக்கு அந்தக் கவலை கொஞ்சம் குறைவு. 2022-ல் வேடசந்தூர், திண்டுக்கல் கிழக்கு, நத்தம், கடவூர் தாலுகாக்களில் 11,806 ஹெக்டேர் காட்டைத் தேவாங்கு சரணாலயமாக அரசு அறிவித்தது. பட்டா தேவாங்கு பேரில் இருந்தாலும் கூட்டுக்குடித்தனம்தான். சாரைக்கும் நல்லதுக்கும் அங்கே இடமுண்டு.

ஆகவே வீட்டுப் பக்கம் பாம்பு வந்தால், தள்ளி நின்று தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ போன் போடுங்கள். பிடித்ததைக் கொண்டுபோய் விட நமக்கு இன்னும் காடு இருக்கிறது. அது இருக்கும்வரை இங்கே பிரசவ வார்டு தேவைப்படாது!