விலைச்சீட்டில் தெரியாத 9 விழுக்காடு

கேமரா வாங்க ஆசைப்படும் நண்பர்கள் முதலில் விலைகளை வரிசைப்படுத்துவார்கள். ஜப்பானில் இவ்வளவு, ஜோகூர் பாருவில் இவ்வளவு, இணையத்தில் இவ்வளவு. மூன்றில் எது குறைவோ அதுவே மலிவு என்று முடிவு செய்துவிடுவார்கள். நான்காவதாக ஓர் எண் இருப்பது பலருக்கும் தெரிவதில்லை. பொருள் நம் நாட்டு எல்லையைத் தாண்டி உள்ளே வரும்போது செலுத்தவேண்டிய வரிதான் அது.

நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஊடகக் கல்வி பயில்கிறேன். வார இறுதிகளில் திருமணங்களிலும் பிறந்தநாள் விழாக்களிலும் படமெடுத்துச் சேர்க்கும் பணத்தில்தான் லென்ஸ், விளக்கு, முக்காலி எல்லாம் வாங்குகிறேன். எங்கள் நிழற்படக் கழகத்தில் புதிதாகச் சேரும் தம்பி தங்கைகள் “வெளிநாட்டில் வாங்கினால் மிச்சமாகுமா அண்ணா?” என்று ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறார்கள். மிச்சமாகலாம். ஆனால் கணக்கை முழுமையாகப் போட்டுப் பார்த்தால்தான் அது தெரியும்.

தீர்வை வேறு, வரி வேறு

எல்லையில் வசூலிக்கப்படும் எல்லாவற்றையும் ‘கஸ்டம்ஸ்’ என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அவை இரண்டு வகை. ஒன்று சுங்கத் தீர்வை. சிங்கப்பூரில் மதுபானம், புகையிலைப் பொருள், மோட்டார் வாகனம், பெட்ரோலியப் பொருள் ஆகிய நான்கு வகைகளுக்கு மட்டுமே தீர்வை உண்டு. கேமராவும் லென்சும் அந்தப் பட்டியலில் இல்லை.

மற்றொன்று ஜிஎஸ்டி எனப்படும் பொருள், சேவை வரி. 1994ஆம் ஆண்டு 3 விழுக்காட்டில் தொடங்கிய இந்த வரி, 2007ல் 7, 2023ல் 8 என உயர்ந்து, 2024 ஜனவரி முதல் 9 விழுக்காடாக இருக்கிறது. சில விலக்குகள் தவிர, உள்ளே கொண்டுவரப்படும் பொருள் எதுவானாலும் இந்த வரி உண்டு. “கேமராவுக்கு டியூட்டி இல்லை” என்று யாராவது சொன்னால் அது சரிதான். ஆனால் அது பாதி உண்மை.

தீர்வை இல்லாத நாட்டில் வளர்ந்த நமக்கு அதன் வலிமை எளிதில் புரிவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு வெளிவந்த கேமராவில் காணொளி எடுத்திருந்தால், 29 நிமிடம் 59 விநாடியில் அது தானாகவே நின்றிருப்பதைப் பார்த்திருக்கலாம். சூடேறுவது போன்ற தொழில்நுட்பக் காரணங்களும் உண்டு என்றாலும், அந்தக் குறிப்பிட்ட எண்ணின் பின்னணியில் இருந்தது ஐரோப்பிய ஒன்றியத்தின் தீர்வை விதி. 30 நிமிடமோ அதற்கு மேலோ தொடர்ந்து பதிவுசெய்யும் கருவியை அந்த விதி காணொளிக் கேமராவாக வகைப்படுத்தியது. நிழற்படக் கேமராவுக்குத் தீர்வை இல்லை. காணொளிக் கேமராவுக்கு உண்டு. எனவே உற்பத்தியாளர்கள் ஒரு விநாடியைக் குறைத்துக்கொண்டார்கள். ஒரு வரி அட்டவணை, உலகெங்கும் விற்கப்பட்ட கேமராக்களின் இயல்பையே மாற்றிவிட்டது!

‘டேக்ஸ் ஃப்ரீ’ என்றால் எந்த வரி?

சென்ற ஆண்டு இறுதி விடுமுறையில் குடும்பத்துடன் ஒரு வாரம் ஜப்பான் சென்றிருந்தோம். பல மாதங்களாக மனத்தில் வைத்திருந்த லென்ஸ் அங்கே ஒரு கடையில் கிடைத்தது. வெளிநாட்டுப் பயணி என்பதால் ஜப்பானின் 10 விழுக்காட்டு நுகர்வு வரி இல்லாமல் வாங்க முடிந்தது. நம் பணத்தில் 1,200 வெள்ளி. “டேக்ஸ் ஃப்ரீயில் வாங்கியாயிற்று, இனி என்ன வரி?” என்றார் என் ஒன்றுவிட்ட அண்ணன்.

பலரும் குழம்பும் இடம் இதுதான். அந்தக் கடை தள்ளுபடி செய்தது ஜப்பானின் வரியை மட்டுமே. சிங்கப்பூரின் வரியைத் தள்ளுபடி செய்ய எந்த வெளிநாட்டுக் கடைக்கும் அதிகாரமில்லை. இவ்வகை வரி, பொருள் வாங்கப்படும் இடத்தைப் பார்ப்பதில்லை. அது பயன்படப்போகும் இடத்தைப் பார்க்கிறது. லென்ஸ் ஜப்பானில் பயன்படப்போவதில்லை என்பதால் ஜப்பான் தன் வரியை விட்டுக்கொடுக்கிறது. சிங்கப்பூரில் பயன்படப்போகிறது என்பதால் சிங்கப்பூர் தன் வரியைக் கேட்கிறது. சுற்றுப்பயணிகள் இங்கு வாங்கும் பொருளுக்குச் சாங்கியில் ஜிஎஸ்டியைத் திரும்பப் பெறுவதும் இதே கொள்கையின்படிதான்.

இனிக் கணக்கு. 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்புபவருக்கு 500 வெள்ளி வரையிலான பொருள்களுக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. எஞ்சிய தொகைக்குத்தான் வரி. என் லென்சுக்கு 1,200ல் 500 போக 700 வெள்ளி. அதில் 9 விழுக்காடு 63 வெள்ளி. சுங்கத்துறையின் ‘கஸ்டம்ஸ் அட் எஸ்ஜி’ தளத்தில் விவரங்களைப் பதிந்து, நாடு திரும்பும் முன்பே கைப்பேசிவழி செலுத்திவிட்டேன். முன்கூட்டிச் செலுத்தாதவர்கள் விமான நிலையத்தில் சிவப்புப் பாதை வழியாகச் சென்று அங்குள்ள அதிகாரிகளிடம் அறிவிக்கவேண்டும்.

அதே லென்ஸ் இங்குள்ள கடையில் 1,420 வெள்ளி. ஜப்பான் விலையுடன் வரியையும் சேர்த்தால் 1,263 வெள்ளி. மிச்சம் 157 வெள்ளி. 220 வெள்ளி மிச்சம் என்று முதலில் தோன்றியது, வரிக்குப் பிறகு இவ்வளவாகக் குறைந்தது. வாங்கும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டிருந்ததால் ஏமாற்றம் ஏதுமில்லை.

யாருக்கு எவ்வளவு விலக்கு?

வெளியே இருந்த நேரம் 48 மணிக்கும் குறைவானால் விலக்கு 100 வெள்ளிதான். காலையில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வழியாக ஜோகூர் பாரு சென்று, 600 வெள்ளி மதிப்புள்ள கேமரா வாங்கி, மாலையில் திரும்புபவர் 500 வெள்ளிக்கு வரி கட்டவேண்டும். அது 45 வெள்ளி. மலேசிய விலையில் அந்நாட்டு விற்பனை வரி சேர்ந்திருந்தால் அதைத் திரும்பப் பெறவும் வழியில்லை. 2018ல் மலேசியா தன் ஜிஎஸ்டியைக் கைவிட்டபோது, சுற்றுப்பயணிகளுக்கு அதைத் திருப்பிக் கொடுக்கும் திட்டமும் முடிவுக்கு வந்தது. அப்படிப் பார்த்தால் ஒரே பொருளுக்கு இரு நாட்டு வரியும் நம் தலையில் விழலாம்.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் மலேசிய, இந்திய மாணவர்கள் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. இந்த 500, 100 வெள்ளி விலக்குகள் சிங்கப்பூரின் மாணவர் அனுமதி அட்டை வைத்திருப்போருக்குக் கிடையாது. வேலை அனுமதி, சார்ந்திருப்போர் அட்டை போன்றவற்றை வைத்திருப்போருக்கும் இல்லை. அதே 1,200 வெள்ளி லென்சை என் வகுப்பிலுள்ள ஈப்போ நண்பன் கொண்டுவந்தால், முழுத் தொகைக்கும் சேர்த்து 108 வெள்ளி செலுத்தவேண்டும். ஒரே விமானத்தில் ஒரே பொருளுடன் வந்திறங்கும் இருவருக்கு இரண்டு கணக்குகள்!

வீட்டு வாசலுக்கு வரும் பொட்டலம்

இணையத்தில் வாங்கினால் விதிகள் சற்று வேறு. விமானம் அல்லது அஞ்சல்வழி வரும் பொருள் 400 வெள்ளிக்கு மேற்பட்டால், இங்கு வந்து சேரும்போது ஜிஎஸ்டி விதிக்கப்படும். அந்த வரி பொருளின் விலைக்கு மட்டுமன்று. அனுப்பும் செலவுக்கும் காப்புறுதிக்கும் சேர்த்துத்தான். கேமரா 800 வெள்ளி, அனுப்பும் செலவு 50, காப்புறுதி 10 என்றால் மொத்தம் 860 வெள்ளி. வரி 77 வெள்ளி 40 காசு. வரியைக் கட்டிப் பொட்டலத்தை விடுவிக்கும் விரைவு அஞ்சல் நிறுவனம், தன் சேவைக் கட்டணத்தையும் சேர்த்து வாங்கலாம். அது அரசாங்க வரி அன்று. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வாங்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

400 வெள்ளியும் அதற்குக் குறைந்ததும் முன்பு வரியின்றி வந்தன. 2023 ஜனவரி முதல், சிங்கப்பூரில் ஜிஎஸ்டிக்குப் பதிந்துள்ள வெளிநாட்டு விற்பனையாளர்களும் மின்வணிகத் தளங்களும் பணம் செலுத்தும் கட்டத்திலேயே வரியை வாங்கிவிடுகின்றன. அந்த ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். ஏற்கெனவே வரி கட்டியதற்கு அதுதான் சான்று.

மலேசிய வாசகர்களுக்கும் இதுபோன்ற விதி வந்துள்ளது. வெளிநாட்டிலிருந்து இணையம்வழி வாங்கும் 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத பொருள்களுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி. 400 ரிங்கிட் மதிப்புள்ள வடிகட்டிக் கண்ணாடிக்கு 40 ரிங்கிட் கூடும்.

சில விற்பனையாளர்கள், “பரிசு என்று எழுதி 50 வெள்ளி மதிப்புப் போட்டு அனுப்பட்டுமா?” என்று நல்லெண்ணத்தோடு கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பரிசு என்று எழுதுவதால் மட்டும் வரி போய்விடாது. பொய்யான மதிப்புக்குப் பதில் சொல்லவேண்டியவர் இங்கே பொருளைப் பெறுபவர்தான். வழியில் லென்ஸ் உடைந்துபோனால், 50 வெள்ளி என்று எழுதிய பொருளுக்கு 800 வெள்ளி இழப்பீடு கேட்கவும் முடியாது.

பெட்டியைத் தூக்கிப் போட்டால்?

“பெட்டியை அங்கேயே வீசிவிட்டு, லென்சைக் கேமராவில் மாட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வா. பழையது என்று நினைத்துவிடுவார்கள்.” இந்த யோசனையை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அப்படிச் செய்வது வரி ஏய்ப்பு. குற்றம் நிரூபிக்கப்பட்டால் ஏய்த்த தொகையைப்போல் 20 மடங்குவரை அபராதம், ஈராண்டுவரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். என் 63 வெள்ளிக்கு 20 மடங்கு 1,260 வெள்ளி. லென்சின் விலையையே தாண்டிவிடுகிறது. வேலைக்கும் மேற்படிப்புக்கும் விண்ணப்பிக்கும் வயதில் குற்றப் பதிவு ஒன்றைச் சுமப்பது அதைவிடப் பெரிய செலவு.

தண்டனைக்கு அப்பாலும் ஒரு காரணம் எனக்கு உண்டு. சிட்டி ஹால் அருகிலுள்ள பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் கேமராக் கடைகள் பல இருக்கின்றன. வாங்காவிட்டாலும் லென்சை மாட்டிப் பார்க்க விடும் கடைக்காரர்களிடம் பல கேமராக்களைக் கையில் பிடித்துப் பார்த்துத்தான் நான் தொழில் கற்றேன். ஆண்டு வருவாய் 10 லட்சம் வெள்ளியைத் தாண்டும் கடை எதுவாயினும் ஜிஎஸ்டிக்குப் பதிந்து, விற்கும் பொருளுக்கு வரி வசூலித்தே ஆகவேண்டும். அவர் 9 விழுக்காடு சேர்த்து விற்கிறார். நாம் அதைக் கட்டாமல் பையில் வைத்துக்கொண்டு வருகிறோம் என்றால், பந்தயம் சமமாக இல்லை. வெளிநாட்டில் வாங்குவதில் தவறில்லை. வரியையும் கட்டிய பிறகு அங்கே மலிவு என்றால் தாராளமாக வாங்கலாம்.

நம் கேமராவை வெளியே கொண்டுபோனால்?

நாம் பயன்படுத்தும் பழைய கேமராவைச் சுற்றுலாவுக்கு எடுத்துச் சென்று திரும்பக் கொண்டுவருவதற்கு வரி இல்லை. ஆனால் புதிதுபோல் தோன்றும் விலையுயர்ந்த கருவி என்றால், எங்கே வாங்கியது என்று அதிகாரிகள் கேட்கலாம். ரசீதையும் கருவியின் வரிசை எண்ணையும் படமெடுத்துக் கைப்பேசியில் வைத்திருப்பது என் வழக்கம். அதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும்.

குறும்படம் எடுக்கவோ நிகழ்ச்சியைப் பதிவுசெய்யவோ கருவிகளுடன் குழுவாக எல்லை கடப்பவர்களுக்கு ‘ஏடிஏ கார்னே’ என்ற ஆவணம் இருக்கிறது. கருவிகளுக்கான கடப்பிதழ் என்று அதைச் சொல்லலாம். ஒவ்வொரு கருவியும் வரிசை எண்ணுடன் அதில் பட்டியலிடப்படும். அதைக் காட்டினால், சேர்ந்துள்ள நாடுகளுக்குள் தீர்வையும் வரியும் கட்டாமல் தற்காலிகமாகக் கொண்டுசெல்லலாம். ஓராண்டுவரை செல்லும். சிங்கப்பூரில் சிங்கப்பூர் அனைத்துலக வர்த்தகச் சபையும் மலேசியாவில் மலேசிய அனைத்துலக வர்த்தக, தொழிற்சபையும் அதை வழங்குகின்றன. கட்டணமும் பிணைத்தொகையும் உண்டு. பட்டியலிலுள்ள அனைத்தும் திரும்ப வந்தாகவேண்டும். ஒன்றை அங்கேயே விற்றுவிட்டால் அந்நாட்டின் வரி நம்மைத் தேடி வரும்.

வாங்கும் முன் ஒரு தாளில் ஐந்து வரிகள் எழுதுங்கள்: அங்குள்ள விலை, அனுப்பும் செலவும் காப்புறுதியும், உங்களுக்குரிய விலக்கு, 9 விழுக்காட்டு வரி, சேவைக் கட்டணம். கூட்டி வரும் தொகையை உள்ளூர்க் கடை விலையோடு ஒப்பிடுங்கள். உத்தரவாதம் இங்கே செல்லுமா என்றும், கேமராவின் மெனுவில் ஆங்கிலம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென வரும் சில கேமராக்களில் ஜப்பானிய மொழி மட்டுமே இருக்கும். விதிகளும் விழுக்காடுகளும் அவ்வப்போது மாறுவதால், புறப்படும் முன் சுங்கத்துறையின் இணையத்தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எங்கள் கழகத்தில் சென்ற மாதம் தங்கை ஒருத்தி இப்படிக் கணக்குப் போட்டாள். வெளிநாட்டு விலைக்கும் உள்ளூர் விலைக்கும் இடையே கடைசியில் 18 வெள்ளிதான் வித்தியாசம். உத்தரவாதத்துடன் பெனின்சுலாவிலேயே வாங்கிக்கொண்டாள். கடைக்காரர் ஒரு துடைக்கும் துணியையும் இலவசமாகக் கொடுத்தாராம்.