பின்தங்கியவரின் நேரமே அணியின் நேரம்: ஜலோரிக் கணவாயில் ஒரு சைக்கிள் பந்தயம்

இமாச்சலப் பிரதேசத்தின் குலு மாவட்டத்தை இரண்டாகப் பிரித்து நிற்கிறது ஜலோரிக் கணவாய். உயரம் 3,100 மீட்டருக்குச் சற்று அதிகம். கணவாய்க்குத் தெற்கே சட்லஜ் நதியை நோக்கிச் சரியும் ஊர்கள் வெளி சிராஜ் எனப்படுகின்றன. வடக்கே பியாஸ் நதியை நோக்கி இறங்குபவை உள் சிராஜ். லூரியில் 900 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் சட்லஜைக் கடக்கும் 305-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, ஆனி, கனாக் ஆகிய ஊர்கள் வழியாக இந்தக் கணவாயின் முதுகில் ஏறி, மறுபுறம் பஞ்சார் வழியே ஔட்டில் முடிகிறது. தேசிய நெடுஞ்சாலை என்பது பெயரளவில்தான். பல இடங்களில் இரண்டு பேருந்துகள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கியே ஆக வேண்டும்.

நாட்டின் கடினமான சைக்கிள் பந்தயங்களுள் ஒன்று இக்கணவாயைக் கடந்து சென்றிருக்கிறது. சிம்லாவை மையமாகக் கொண்டு 2005-ஆம் ஆண்டு தொடங்கிய 'எம்.டி.பி. இமாலயா' பந்தயம் ஒரு நாளில் முடிவதல்ல. மழைக்காலம் ஓய்ந்த பின் தொடங்கி, நாளுக்கு ஒரு கட்டமாக, கூடாரம் விட்டுக் கூடாரம் நகரும் போட்டி அது. ராணுவ அணிகளும் வெளிநாட்டு வீரர்களும் பங்கேற்றார்கள் என்றாலும், அலுவலகத்தில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்த அமெச்சூர்களும் அதில் கலந்துகொண்டனர். தனிநபர் பிரிவுடன் இருவர் அணிப் பிரிவும் உண்டு.

இருவர் அணிப் பந்தயங்களில் பொதுவாக ஒரு வழக்கம் இருக்கிறது. கோட்டை இரண்டாவதாகத் தாண்டுபவரின் நேரமே அணியின் நேரம். முதல்வர் அரை மணி நேரம் முன்னதாக வந்து நின்றாலும் பயனில்லை. கூட்டணி ஆட்சிகளைக் கண்ட வாசகர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

சமவெளிப் பந்தயத்தில் வலுவானவர் முன்னால் சென்று காற்றைக் கிழிக்க, மற்றவர் அவர் நிழலில் சக்தியைச் சேமிக்கலாம். மலையேற்றத்தில் அந்த உதவிக்கு இடமில்லை. மணிக்கு எட்டு, பத்து கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் எதிர்ப்பு ஒரு பொருட்டே அல்ல. எதிரி புவியீர்ப்பு மட்டுமே. அதை ஒருவருக்காக இன்னொருவர் சுமக்க முடியாது. கூட்டாளி செய்யக்கூடியது சிறு உதவிகள்தாம். தண்ணீர்க் குப்பியை நீட்டலாம், பஞ்சரான டியூபை மாற்றித் தரலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். வலுவானவருக்கு இதுவே கடினம். காலில் வலு மிச்சமிருக்கையில் காத்திருப்பது, வலு தீர்ந்தபின் மிதிப்பதைவிடப் பெரிய சோதனை.

சட்லஜ் கரையிலிருந்து கணவாய் வரை செங்குத்தாக 2,200 மீட்டர் ஏற வேண்டியிருக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் 14 கிலோ எடையுள்ள சைக்கிளுடன் இந்த உயரத்தை எட்டச் செலவாகும் சக்தி, ஏறக்குறைய 1,800 கலோரி. ஒரு சராசரி மனிதரின் ஒரு நாள் உணவில் பெரும்பகுதி இதிலேயே கரைந்துவிடுகிறது. மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக உதகைக்கு ஏறும் 36 கொண்டை ஊசி வளைவுகளை அறிந்தவர்கள், அதைப் போல் இரண்டு மடங்கு உயரத்தை மனத்தில் கொள்ளலாம். 2008-ஆம் ஆண்டு தொடங்கிய 'டூர் ஆஃப் நீலகிரிஸ்' பயணத்தில் பங்கேற்பவர்களைத் திணறடிக்கும் ஏற்றம் அந்தக் கல்லட்டிதான்.

பள்ளத்தாக்கில் வெயில் சுடுகிறது. கனாக்கைத் தாண்டியதும் தேவதாரு மரங்களின் நிழல் வருகிறது, ஆனால் மூச்சு வருவதில்லை. கணவாயின் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் 70 சதவீதம் மட்டுமே. அதே மூச்சில் கிடைக்கும் பிராணவாயு அந்த அளவுக்குக் குறைகிறது. சாலை மிகச் செங்குத்தாக எழும்பும் இடமும் அந்தக் கடைசிக் கிலோமீட்டர்கள்தாம். கிறிஸ்தவக் கல்லூரி மைதானத்திலோ லோதி தோட்டத்தைச் சுற்றியோ பழகிய கால்கள் இங்கே பதில் சொல்ல மறுக்கின்றன. சைக்கிளை விட்டிறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பவர்களை யாரும் ஏளனம் செய்வதில்லை.

உச்சியில் ஒரு காளி கோயிலும் சில தேநீர்க் கடைகளும் உண்டு. அங்கே நிற்க நேரமில்லை. வியர்வையில் நனைந்த உடலுடன் ஷோஜா, ஜீபி நோக்கிய இறக்கத்தில் பாய்ந்தால் சில நிமிடங்களில் விரல்கள் மரத்துப்போகின்றன. பிரேக்கை அழுத்த விரல் வேண்டும். ஏற்றத்தில் இழப்பது நேரம். சரளைக்கற்கள் சிதறிய இறக்கத்தில் தவறினால் இழப்பது எலும்பு. மறுநாள் காலை மீண்டும் புறப்பட வேண்டும் என்பதே பல நாள் பந்தயத்தின் கொடுமை.

இத்தனைக்கும் இந்தியா, சீனாவுக்கு அடுத்தபடியாக உலகில் மிக அதிகமாக சைக்கிள் தயாரிக்கும் நாடு. லூதியானாவின் ஹீரோ நிறுவனம் 1986-லேயே கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தது. ஆனால் 1964 டோக்கியோவுக்குப் பிறகு ஒலிம்பிக் சைக்கிள் போட்டியில் ஓர் இந்தியர்கூடப் பங்கேற்றதில்லை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி நாட்டில் 50.4 சதவீதக் குடும்பங்களிடம் சைக்கிள் உண்டு. மலை மாநிலங்களான நாகாலாந்திலும் சிக்கிமிலும் 6 சதவீதத்துக்கும் குறைவு. மலையில் பிறந்த பிள்ளைக்கு இயற்கை தந்த நுரையீரல் இருக்கிறது, கியர் வைத்த சைக்கிள் இல்லை. பந்தயத்துக்கு ஏற்ற உயர்ரக வண்டிகளில் பெரும்பாலானவை வெளிநாட்டிலிருந்து வருபவை. அவற்றின் சுங்க வரியை 2023 மத்திய நிதிநிலை அறிக்கை 30-லிருந்து 35 சதவீதமாக உயர்த்தியது. சைக்கிள் மீதான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட 2025 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஏழையின் வாகனத்துக்கு எட்டு ஆண்டுகள் 12 சதவீத வரி விதித்ததற்கு என்ன நியாயம் இருந்ததோ, விதித்தவர்களே அறிவர்.

பந்தய வீரர்களுக்கு ஜலோரி ஒரு நாள் வேதனை. பின்னால் மருத்துவ உதவி வரும். மாலையில் சூடான உணவு காத்திருக்கும். வெளி சிராஜ் மக்களுக்கோ அது ஆண்டு முழுவதும் தீராத சிக்கல். ஆனியும் நிர்மண்டும் குலு மாவட்டத்தைச் சேர்ந்தவை. மாவட்டத் தலைநகரோ கணவாய்க்கு அப்பால். குளிர்காலத்தில் பனி மூடிவிட்டால், சொந்த மாவட்ட ஆட்சியரைக் காணவோ, குலு மருத்துவமனைக்கு நோயாளியைக் கொண்டு செல்லவோ வேறு மாவட்டம் வழியாகச் சுற்றிச் செல்ல வேண்டும்.

மழைக்காலமும் இரக்கம் காட்டுவதில்லை. 2023 ஆகஸ்ட் 24 அன்று, பந்தயப் பாதையில் உள்ள ஆனி நகரில் அடுக்குமாடிக் கட்டடங்கள் பல, சீட்டுக்கட்டு சரிவதுபோல் அடுத்தடுத்துச் சரிந்தன. முன்கூட்டியே ஆட்கள் வெளியேற்றப்பட்டிருந்ததால் உயிர்கள் தப்பின. நிலச்சரிவு இந்தச் சாலைக்குப் புதிதல்ல.

ரோதாங் கணவாய்க்கு அடியில் 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபரில் திறக்கப்பட்டதும், குளிர்காலம் முழுவதும் துண்டிக்கப்பட்டுக் கிடந்த லாஹௌல் பள்ளத்தாக்குக்கு விடிவு பிறந்தது. ஜலோரிக்கு அடியிலும் அப்படியொரு சுரங்கம் வேண்டும் என்று சிராஜ் மக்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். தேர்தல் மேடைகளில் அந்தக் கோரிக்கை தவறாமல் ஒலிக்கிறது. பனி விழுந்தால் ஆனியிலிருந்து குலு செல்லும் பேருந்து இன்னமும் சுற்றுப்பாதையில்தான் போகிறது.