ஒரே மாவட்டம், இரண்டு வெயில்

கத்திரி வெயில் நாளில் மதியம் இரண்டு மணிக்குப் பொதட்டூர்பேட்டைத் தெருவில் செருப்பில்லாமல் நடக்க முடியாது. காற்று வீசினாலும் அனலாகத்தான் வீசும். அதே நேரம் பழவேற்காட்டுக் கரையில் இருப்பவருக்குச் சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனால் கடலிலிருந்து ஒரு காற்று வந்துகொண்டே இருக்கும். இரண்டு ஊரும் திருவள்ளூர் மாவட்டம்தான். தலைக்கு மேலே இருப்பதும் ஒரே சூரியன். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

முதல் காரணம் கடல். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க, ஒரு கிலோ உலர்ந்த மணலுக்கு வேண்டியதைப் போல் சுமார் ஐந்து மடங்கு வெப்பம் வேண்டும். அதனால் காலை வெயில் ஏற ஏற நிலம் சீக்கிரம் கொதித்துவிடும், கடல் மெதுவாகத்தான் சூடாகும். நிலத்தின் மேலுள்ள காற்று சூடாகி உயரே போகும். அந்த இடத்தை நிரப்பக் கடல் பக்கத்துக் குளிர்ந்த காற்று ஓடி வரும். இதுதான் கடற்காற்று. கும்மிடிப்பூண்டிக்கு இது மதிய வாக்கிலேயே வந்து சேர்ந்துவிடும். பொதட்டூர்பேட்டையோ கடலிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. சூடான நிலத்தின் மேல் அத்தனை தூரம் வருவதற்குள் சாயங்காலமாகிவிடும். குளிர்ச்சியும் பாதி போய்விடும். சில நாள் அது வராமலே போகும். கோடையில் தமிழ்நாட்டின் அதிக வெப்பநிலைப் பட்டியலில் பக்கத்து ஊரான திருத்தணியின் பெயர் அடிக்கடி வருவதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

மீதிப் பாதி மேற்கே இருக்கிறது. ஜூன் 1 வாக்கில் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும். அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்துவரும் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலே ஏறும். மேலே போகப் போகக் காற்று குளிரும். ஈரம் மேகமாகி, மழையாகக் கொட்டிவிடும். மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது அதில் ஈரம் குறைவு. அதோடு, ஈரமில்லாத காற்று ஒரு கிலோமீட்டர் கீழே இறங்கினால் சுமார் 10 டிகிரி செல்சியஸ் சூடேறும். கேரளத்தில் குடை பிடிக்க வைத்த அதே காற்றுதான் இங்கே நம்மை வாட்டுகிறது!

இந்த இரண்டு காற்றும் சந்தித்தால் என்ன ஆகும்? ஜூலை, ஆகஸ்டு சாயங்காலங்களில் வானத்தைக் கவனியுங்கள். மேற்கிலிருந்து வரும் காற்றும் கிழக்கிலிருந்து உள்ளே நுழையும் கடற்காற்றும் எதிரெதிரே முட்டும். இரண்டுக்கும் ஒதுங்க இடமில்லாததால் காற்று மேல் நோக்கிக் கிளம்பும். கொஞ்ச நேரத்தில் கருமேகம் திரளும், இடி இடிக்கும், ஒரு மணி நேரம் அடித்துப் பெய்து ஓய்ந்துவிடும். மறுநாள் மதியம் பழையபடி வெயில். வட தமிழகத்துக்குத் தென்மேற்குப் பருவத்தில் கிடைக்கும் மழையில் பெரும்பங்கு இப்படிப் பெய்கிற இடிமழைதான்.

அக்டோபரில் காற்றின் திசை மாறும். வடகிழக்குப் பருவமழை வங்காள விரிகுடாவின் ஈரத்தோடு கிழக்கேயிருந்து வரும். இப்போது முதல் பங்கு கடலோரத்துக்கு. சென்னையில் ஓர் ஆண்டில் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையும் சுற்றுவட்டாரமும் தண்ணீரில் தத்தளித்தது நினைவிருக்கும். அதற்காகக் கடலிலிருந்து தள்ளியிருக்கும் பக்கம் வெள்ளமே வராது என்று நினைத்துவிடாதீர்கள். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் கனமழை பெய்து அம்மப்பள்ளி அணை திறக்கப்பட்டால், கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் பாய்ந்து பள்ளிப்பட்டு வட்டாரத் தரைப்பாலங்கள் மூழ்கும். அந்தத் தண்ணீர்தான் பூண்டி ஏரிக்குப் போய், அங்கிருந்து எண்ணூரில் கடலில் சேர்கிறது.

"ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தியாவில் மழைக்காலம்" என்று மட்டும் மனப்பாடம் செய்யும் பிள்ளையைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். நம் ஊரில் ஐப்பசியும் கார்த்திகையும் அடைமழை மாதங்கள் என்று அந்தப் பிள்ளையின் பாட்டிக்கே தெரியும். நாடு பெரியது. மேகாலயாவின் மௌசின்ராமில் ஆண்டுக்குச் சராசரியாக 11,800 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. லடாக்கின் லே நகரில் 100 மில்லிமீட்டர் அளவில்தான். ராஜஸ்தானின் பலோடியில் 2016 மே 19 அன்று வெப்பநிலை 51 டிகிரியைத் தொட்டது. எல்லாவற்றுக்கும் ஒரே வரியில் பதில் எழுத முடியாது.

வறண்ட காற்றுக்கும் ஈரக் காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைத் துல்லியமாக உணர்கிறவர்கள் பொதட்டூர்பேட்டையின் நெசவாளர்கள். பருத்தி இழைக்கு ஒரு வினோத குணம் உண்டு: ஈரம் பட்டால் அதன் வலு கூடும், காய்ந்தால் முறுகிப்போகும். கோடையின் வறண்ட காற்றில் பாவு இழை அடிக்கடி அறும்; விசைத்தறி நிற்கும்; அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போட்டால்தான் மறுபடி ஓடும். அதனால்தான் தறிக்கூடத்துத் தரையில் தண்ணீர் தெளிப்பது. அந்தத் தண்ணீர் ஆவியாகிக் காற்றை ஈரமாக்கும், இழை தாங்கும். மழைக்காலத்தில் தலைகீழ். கஞ்சி போட்ட பாவு காய வெயிலே கிடைக்காது. நெய்ய ஈரம் வேண்டும், பாவு காய வெயில் வேண்டும். வானிலையை அவர்களைப் போல இழை இழையாகப் படித்தவர்கள் குறைவு என்பேன்.

நீங்களும் படிக்கலாம். அடி முதல் வாய் வரை ஒரே அகலமுள்ள, நேரான பாத்திரம் ஒன்றை மொட்டை மாடியில், மரமோ சுவரோ மறைக்காத இடத்தில் வையுங்கள். தினமும் காலை 8.30 மணிக்கு அதில் எத்தனை மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கிறது என்று அளவுகோலால் பாருங்கள்; இந்திய வானிலை ஆய்வு மையமும் அந்த நேரத்தில்தான் அன்றாட மழையை அளக்கிறது. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால், ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு லிட்டர் தண்ணீர். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்பதையும் குறியுங்கள். கும்மிடிப்பூண்டியிலோ பொன்னேரியிலோ உங்கள் மாமா, அத்தை வீட்டுப் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் அளக்கச் சொல்லுங்கள். ஆகஸ்டு மாதக் கணக்கையும் நவம்பர் மாதக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த மாதம் எந்த ஊருக்கு அதிகம் பெய்தது என்று பாருங்கள்.