தொப்புள் வழியே கிட்னி ஆபரேஷன்: முதலில் ஏன் பன்றிக்கு?

சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கத்திலிருந்து கோவைக்கும் திருச்சூருக்கும் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு லேப்ராஸ்கோப்பி பழகிப்போன சங்கதி. வயிற்றில் மூன்று, நான்கு சிறு துளைகள். ஒன்றில் கேமரா, மற்றவற்றில் கருவிகள். எல்லாவற்றையும் தொப்புளில் போடும் ஒரே துளைக்குள் அடக்க முடியுமா? அமெரிக்காவின் டல்லாஸ் நகர மருத்துவர்கள் இப்படிச் சிறுநீரக ஆபரேஷனை முதலில் பன்றிகளிடம் செய்து பார்த்தார்கள். பிறகே 3 நோயாளிகளுக்குச் செய்தார்கள். 2007-ல் இரண்டு முடிவுகளும் ஒரே கட்டுரையாக வெளிவந்தன.

துளை ஒன்றானால் என்ன சிக்கல்? வழக்கமான முறையில் கருவிகள் இரு பக்கமிருந்து வந்து சிறுநீரகத்தருகே சேரும். ஒன்று இழுத்துப் பிடிக்க, மற்றது வெட்டும். ஒரே துளையில் கேமராவோடு சேர்ந்து மூன்றும் முட்டிக்கொள்ளும். அதற்காகத்தான் நுனி வளையும் கருவிகள் வந்தன. அவையும் துளைக்குள் குறுக்கே கடந்தால், வலக்கைக் கருவி திரையில் இடப்பக்கம் தெரியும். வயிற்றை உப்ப வைக்கும் கார்பன் டை ஆக்சைடு துளையோரம் கசிந்தால், வேலை செய்யும் இடமே சுருங்கிவிடும்.

கை பழகப் பயிற்சிப் பெட்டி போதும். சிறுநீரகத் தமனியில் போட்ட கிளிப் பிடிக்கிறதா, நழுவுகிறதா என்பதை ரத்தம் ஓடும் உடல்தான் சொல்லும்.

பன்றியைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. அதன் சிறுநீரகம் அளவில் மனிதருடையதை ஒட்டியிருக்கும். உள்ளே பல மடல்களாகவும் அமைந்திருக்கும். நாய், ஆடு, முயலுக்கு அப்படி இல்லை. ஆனால் சோதனைக்கு எடுக்கும் இளம் பன்றிக்குச் சிறுநீரகத்தைச் சுற்றிக் கொழுப்பு குறைவு. மனிதரிடம் அந்தக் கொழுப்பை விலக்கி ரத்தக்குழாயைக் கண்டெடுப்பது பெரிய வேலை. அதனால் பன்றியிடம் சீக்கிரம் முடிந்த ஆபரேஷன் மனிதரிடமும் அப்படியே முடியும் என்று சொல்லிவிட முடியாது.

முதலில் விலங்கு, பிறகு மனிதர் என்ற இந்த வரிசை பழையது. செயின்ட் லூயிஸில் ரால்ஃப் கிளேமன் குழு பன்றிகளிடம் சோதித்த பிறகு, 1990 ஜூனில் 85 வயதுப் பெண்ணுக்கு உலகின் முதல் லேப்ராஸ்கோப்பிச் சிறுநீரக அகற்றலைச் செய்தது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் இதய வால்வும் செம்மறியாடுகளில் தேறிய பிறகே, அதே ஆண்டு டிசம்பரில் மனிதருக்குப் பொருத்தப்பட்டது. தொப்புள் வழி முறையில் இந்தியாவும் பின்தங்கவில்லை: 2008-ல் வெளியான ஆரம்பகால அறிக்கைகளில் ஒன்றில் குஜராத்தின் நடியாத் மருத்துவர்களுக்கும் பங்கு உண்டு.

இந்தியாவில் பெரிய விலங்கிடம் சோதிக்க, நிறுவனத்தின் நெறிக்குழுவோடு மத்திய அரசின் குழுவும் சம்மதிக்க வேண்டும். 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, சிறிய விலங்கு போதுமென்றால் பெரியதைத் தவிர்க்கச் சொல்கிறது. மயக்க மருந்தை வலியுறுத்துகிறது. வெறும் கைத்திறன் பழகுவதற்காக மட்டும் விலங்கைப் பயன்படுத்துவதையும் கூடியவரை தவிர்க்கச் சொல்கிறது. புதுக் கருவியைப் பன்றியிடம் சோதிக்க அனுமதி கேட்கலாம். அதைக் கையாளப் பழகும் இளம் மருத்துவருக்குப் பெரும்பாலும் பயிற்சிப் பெட்டியும் கணினித் திரையும்தான்.