அழைத்தவர் கடன்

பாலாற்றுப் படுகையிலுள்ள இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி முதலிய ஊர்கள் தோல் தொழிலால் பெயர் பெற்றவை. பச்சைத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்பிட்டு, மயிரும் ஊனும் களைந்து, ஆவாரம்பட்டைச் சாற்றில் பதனிடும் தொழிலில் இவ்வட்டாரத்தார் முன்னரே வல்லவர். 1973-ஆம் ஆண்டில் நடுவணரசு, அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. அதன் பின்னர்ச் சாயமேற்றி மெருகிடுதல், காலணி வெட்டுதல், தைத்தல் ஆகிய நுண்தொழில்கள் இங்கே பெருகின. காலப்போக்கில் வேற்று மாநிலத்தாரும் இவ்வாலைகளுக்கு வேலை செய்ய வரலாயினர்.

தொழில் வல்லாரைப் பிற நாட்டினின்று வரவழைத்தல் நமக்குப் புதிதன்று. மகதம், மராட்டம், அவந்தி ஆகிய நாட்டுக் கைவினைஞரும் யவனத் தச்சரும் தமிழ்த் தொழிலாளரோடு கூடிச் சோழ மன்னனுக்கு மண்டபம் சமைத்த செய்தியை மணிமேகலை கூறுகின்றது. அவர்கள் பெற்ற கூலி யாது, உறங்கிய இடம் எது என்பவற்றைச் சாத்தனார் கூறவில்லை. காப்பியத்திற்கு அவை வேண்டுவன அல்ல. நமக்கோ அவையே வேண்டும்.

மொழியும் உறவும் இல்லாத ஊருக்கு ஒருவன் வருகின்றான். வேலை, கூலி, உறையுள் ஆகிய மூன்றும் அழைத்தவர் ஒருவர் கையிலேயே உள்ளன. வேலையை விட்டால் அன்றிரவே கூரையும் போய்விடும். ஆதலின் அழைத்தவர்க்குக் கடன் உண்டு. கடன் என்னும் சொல் தமிழில் கடமையையும் குறிக்கும்; திருப்பித் தரவேண்டிய பொருளையும் குறிக்கும். இலங்கைத் தோட்டங்களில் இவ்விரண்டாம் பொருளே மேலோங்கி நின்றது. தமிழ் மாவட்டங்களிலிருந்து ஆள் திரட்டிச் சென்ற கங்காணி, முன்பணமும் வழிச்செலவும் கொடுத்து அவற்றைத் தொழிலாளர் பெயரில் கடனாக எழுதினார். தொழிலாளர் வேறு தோட்டம் செல்ல விரும்பினால், இவ்வளவு கடன் தீர்ந்தால் விடுவிப்போம் என்று தோட்டத்தார் ஒரு சீட்டுக் கொடுப்பர். அதற்குத் ‘துண்டு’ என்று பெயர். புதிய தோட்டத்தார் அத்தொகையைச் செலுத்துவர். ஆயினும் கடன் தீராது, தோட்டம் மட்டுமே மாறும். சிறு காகிதந்தான், குடும்பங்களையே கட்டிவைத்தது! 1921-ஆம் ஆண்டில் சட்டம் அதனை ஒழித்தது.

கடன் சீட்டு இல்லாத இடத்தும் இச்சிக்கல் முற்றும் நீங்குவதில்லை. ஆஸ்திரேலியாவில் 2019 நவம்பர் முதல், பெருநகரங்களுக்குப் புறம்பான பகுதிகளில் தொழில் நடத்துவோர் வெளிநாட்டுத் தொழில் வல்லாருக்குப் பொறுப்பேற்று அழைத்துக்கொள்ளத் தனி விசா உண்டு. அழைத்தவரிடம் வேலை நின்றுவிட்டால், வேறு பொறுப்பாளரைத் தேட முன்பு 90 நாளே தவணை. 2024 ஜூலை முதல் ஒருசேர 180 நாள் வரை தவணை கிடைக்கின்றது.

நம் நாட்டில், மாநிலம் விட்டு மாநிலம் ஒப்பந்தக்காரர்வழி வருவோருக்காக 1979-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. உள்ளூர்த் தொழிலாளிக்கு ஈடான கூலி, தக்க உறையுள், மருத்துவ வசதி, வழிச்செலவு ஆகியவற்றை அது விதித்தது. நிழற்படம் ஒட்டிய கைப்புத்தகம் ஒன்றும் தொழிலாளிக்குத் தரப்பட வேண்டும். துண்டு தொழிலாளியின் கடனைக் காட்டியது. இப்புத்தகமோ அவனுக்குச் சேரவேண்டிய கூலியைக் காட்டுவது.

எனினும் ஏட்டில் உள்ளது எங்கும் நடந்துவிடவில்லை. 2015 ஜனவரி 31 அன்று நள்ளிரவுக்குப் பின், இராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர் நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்தது. அருகிலிருந்த ஆலையிலேயே உறங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் அச்சேற்றில் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்தினின்று வந்தவர்கள். உறையுள் என்று சட்டம் எழுதியது ஆலையின் தரையை அன்று.

2020-இல் இயற்றப்பட்ட தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்து, பழைய சட்டத்தின் இடத்தைப் பெற்றது. ஒப்பந்தக்காரர்வழி வந்தோரையன்றி, தாமே வந்து வேலை பெற்றோரையும் இது புலம்பெயர் தொழிலாளராகக் கொள்கின்றது. சொந்த ஊர் சென்று மீளும் செலவுக்கும் வழி செய்கின்றது. ஊர் பெயர்ந்ததற்காகப் பழைய சட்டம் அளித்த தனிப்படி மட்டும் இதில் இடம்பெறவில்லை.