மீன் சந்தைக்கு ஒரு ஸ்கேல்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் தமிழகத்தின் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் இனம் பெருகட்டும் என்று விடும் காலம் இது. பிள்ளைகளின் கோடை விடுமுறையும் பெரும்பாலும் இந்த நாட்களில்தான். இயற்கை வளத்தை எப்படிக் கையாள்வது என்பதற்கு இவ்வளவு கண்கூடான பாடம் நடக்கும்போது வகுப்பறை பூட்டிக் கிடக்கிறது. அதனால் பெற்றோர்தான் இதைக் கையில் எடுக்க வேண்டும்.

பாடப்புத்தகம் நிலக்கரியைத் தீர்ந்துபோகும் வளம் என்றும், காட்டையும் மீனையும் புதுப்பிக்கத்தக்க வளம் என்றும் பிரித்துக் காட்டுகிறது. 'பொருத்துக' கேள்விக்கு அது போதும். ஆனால், ஒருமுறையாவது முட்டையிடும் பருவம்வரை விட்டுவைத்தால்தான் மீன் பெருகும். இந்த நிபந்தனை மனதில் பதிந்த பிள்ளைக்கு நிலத்தடி நீரையும் காட்டையும் பற்றி அதிகம் விளக்க வேண்டியிராது.

ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் 15 செ.மீ. ஸ்கேலோடு பிள்ளையை மீன் சந்தைக்குக் கூட்டிப்போங்கள். கேரளத்தில் 10 செ.மீ.க்குக் குறைந்த மத்தியையும், 14 செ.மீ.க்குக் குறைந்த அயிலையையும் பிடிக்கத் தடை உண்டு. அயிலை என்பது நம் கானாங்கெளுத்திதான். நம்மூர்க் கூடையில் கிடப்பதை வாய் நுனியிலிருந்து வால் நுனிவரை பிள்ளையே அளந்து பார்க்கட்டும். வீட்டில் மீன் ஆயும்போது சினை இருந்தால் தனியே எடுத்துத் தட்டில் வையுங்கள். அந்தப் பையைக் கீறினால் கடுகைவிடச் சின்ன மணிகள் ஒட்டி ஒட்டி வரும். "இதெல்லாமே மீனாயிடுமா?" என்று பிள்ளை கேட்கும். எல்லாம் ஆகாது, மிகச் சிலவே பிழைக்கும் என்று சொல்லுங்கள். அதனால்தான் கடலுக்கு இத்தனை நாள் அவகாசம்.

அந்த அவகாசத்துக்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. படகில் கூலிக்குப் போகிறவருக்கும், ஐஸ் உடைப்பவருக்கும், கூடை சுமப்பவருக்கும் அந்த நாட்களில் வேலை இல்லை. அரசு தரும் தடைக்கால நிவாரணம் போதவில்லை என்பது மீனவர்களின் நெடுநாள் குறை. இவர்கள் இப்படிப் பொறுத்திருந்து காத்ததை, தடை முடிந்ததும் நெருக்கமான கண்ணி வலையால் குஞ்சும் குறுமீனுமாக அரித்துத் தீவன ஆலைக்கு அனுப்புவது பெரும் அநியாயம். பத்து வயதுப் பிள்ளைக்கு இந்த நியாயம் நன்றாகவே புரியும்.

கட்டுமரத்துக்கும் நாட்டுப்படகுக்கும் தடை இல்லை. அதனால் மே மாதத்திலும் சந்தையில் மீன் இருக்கும். வரத்து குறைவு, விலை அதிகம். "அக்கா, இது நாட்டுப்படகு மீனா, ஐஸ்ல வெச்சதா?" என்று பிள்ளையையே கேட்கவிடுங்கள். எந்த மீன் எந்த மாதம் சினையாக இருக்கும் என்பதுவரை மீன் விற்பவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.