விளக்கும் குடமும்

நம் மங்கல காரியங்களில் நிறைகுடமும் குத்துவிளக்கும் வாசலில் அருகருகே நிற்பவை. அவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்திய நாளொன்று இலங்கைச் சரித்திரத்தில் உண்டு. அது 1982 டிசெம்பர் 22. 1977இல் தெரிவான பாராளுமன்றம் பொதுத்தேர்தலின்றி மேலும் ஆறாண்டு நீடிக்கலாமா என்று சர்வசன வாக்கெடுப்பு மூலம் மக்களிடம் கேட்கப்பட்டது. ஆமென்போருக்கு விளக்கு, இல்லையென்போருக்குக் குடம்.

இதனை வெறும் கால நீடிப்பென்று கருதுவோருக்கு நான் ஒன்று கூறுவேன். வெள்ளவத்தை–கல்கிசைத் தொகுதி 1947இலும் 1956இலும் கொல்வின் ஆர். டி சில்வாவைத் தெரிவு செய்தது. கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் கொழும்பு மத்தியில் 1947 முதல் 1977 வரை பீற்றர் கெனமன் உறுப்பினராக விளங்கினார். 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்த இவ்விடதுசாரிகளின் கட்சிகளுக்கு 1977 பொதுத்தேர்தலில் ஓராசனமும் கிட்டவில்லை. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்போ விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தை வகுத்திருந்தது. அம்முறையில் தேர்தல் நடந்திருப்பின் சிறு கட்சிகளுக்கும் இடம் கிடைத்திருக்கும். ஆளுங்கட்சியின் ஆறிலைந்து பெரும்பான்மை நிலைத்திராது.

விளக்கு 54.66 வீதம் பெற்றது, குடம் 45.34 வீதம். யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட வாக்குகள் குடத்துக்கே விழுந்தன. 1983 ஜூலையில் வெள்ளவத்தையின் வீடுகள் எரிந்தபோதும் அப்பழைய பாராளுமன்றமே வீற்றிருந்தது. மக்கள் மறுபடி பொதுத்தேர்தலைக் கண்டது 1989 பெப்ரவரியில்தான்.

வாக்கைக் கொண்டே வாக்குரிமையை ஒத்திவைக்கவும் கூடும். குடியியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் இந்த ஒரு பாடத்தை மாணவருக்குச் சொல்லாமல் விடலாகாது.